கழுத்து ஒடிஞ்ச துப்பாக்கிகள்

இல்லைங்க, சுட்டுப் பாத்து வாங்குறதில்ல. சுடுறதெல்லாம் கடைசி. அதுக்கு முன்னாடி மோந்து பாக்கணும், தட்டிப் பாக்கணும், திருகாணியோட தலையைப் பாக்கணும், விக்க வந்தவர் மூஞ்சியைப் பாக்கணும். பழைய துப்பாக்கி வியாபாரம்னா பாதி டாக்டர் வேலை, பாதி பொண்ணு பாக்கப் போற வேலை. ரெண்டாவதுல எல்லாரும் "ஒரு குறையும் கிடையாது"ன்னுதான் ஆரம்பிப்பாங்க.

நீங்க துப்பாக்கி வாங்கியிருக்க மாட்டீங்க. ஆனா செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் வாங்கியிருப்பீங்க. "ஒரே கை ஓட்டின வண்டி சார், டாக்டரம்மா வெச்சிருந்தது"ன்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க. மறுநாள் காலையில அது யமுனா பாலத்து நடுவுல நின்னிருக்கும், பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சிருப்பான். அப்படின்னா நாமெல்லாம் ஒரே கூட்டம்தான். கூச்சப்படாம மேல படிங்க.

நான் விருதுநகர்ல பகல்ல பருத்தி மண்டியில மூட்டைக்கு நம்பர் போட்டுக்கிட்டு, சாயங்காலம் நைட் ஸ்கூல்ல படிச்சுத் தேறினவன். டெல்லிக்கு வந்து லோதி ரோட்ல அக்கா வீட்டுல எறங்கினேன். பழைய டெல்லியில ஒரு துப்பாக்கிக் கடை லாலாஜிக்கு ரிஜிஸ்டர் எழுத ஆள் வேணும்னாங்க. துப்பாக்கி நம்பர், வாங்கினவர் பேரு, லைசென்ஸ் நம்பர், எல்லாம் அடிச்சுத் திருத்தாம எழுதணும். நம்ம கையெழுத்து நல்லாயிருக்கும். சேந்துட்டேன். ரெண்டு வருஷத்துல லாலாஜிக்குக் கண்ல புரை விழுந்துச்சு. "மதராசி பாபு, இனிமே நீயே பாரு"ன்னு பூதக்கண்ணாடியை என் கையில குடுத்துட்டார். அன்னியிலேருந்து எழுதுறதோட பாக்குறதும் என் வேலை.

எதைப் பாக்குறதுன்னு கேட்டா, முக்கியமா மரத்தை. இரும்பு லேசுல கெடாது. தோள்ல சாத்துற அகலமான கட்டைக்கும் இரும்புக்கும் நடுவுல, கை புடிக்கிற எடத்துல மரம் ஒல்லியாகும். அதைக் கழுத்துன்னு சொல்லுவோம். துப்பாக்கி கீழே விழுந்தாலும், ஜீப்ல நசுங்கினாலும், மேல யாராவது உக்காந்தாலும் ஒடியறது அங்கதான். ஒடிஞ்சதை ஒட்டிக்கலாம், தப்பில்ல. ஒட்டினது ஒட்டியிருக்கா, இல்ல ஒட்டின மாதிரி நடிக்குதா, அதைச் சொல்லணும். தப்பாச் சொன்னா சுடுறவன் கையில கட்டை மட்டும் மிஞ்சும். மீதி எங்க போகும்னு யாரும் சொல்ல முடியாது.

கல்யாணக் குதிரை

நான் தனியாப் பாத்து "சரி"ன்னு சொன்ன முதல் துப்பாக்கி ஒரு ரெட்டைக் குழல். கட்டை கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. குழாய்க்குள்ள பாத்தேன், சுத்தம். விசையை இழுத்துப் பாத்தேன், சுத்தம். கழுத்துல என் மூஞ்சியே தெரிஞ்சுது, அதுல மயங்கிட்டேன். ரோத்தக் பக்கத்துலேருந்து ஒரு சௌத்ரி, பெரிய பண்ணைக்காரர், வந்து வாங்கிக்கிட்டுப் போனார். ஆறடி ஆளு, தலைப்பாகையோட சேத்தா ஏழு.

பதினஞ்சு நாள் கழிச்சு திரும்பி வந்தார். ஒரு கையில கட்டை, இன்னொரு கையில சாக்குல சுத்தின இரும்பு. அக்கா பையன் கல்யாண ஊர்வலத்துல, அந்தப் பக்கத்து வழக்கப்படி, வானத்தைப் பாத்துச் சுட்டிருக்கார். கழுத்து ரெண்டாப் போச்சு. இரும்பு பறந்து போய் பேண்டுக்காரனோட பெரிய மத்தளத்துக்குள்ள விழுந்திருக்கு. நல்லவேளை, ஆளுங்க யாருக்கும் அடியில்ல. ஆனா மாப்பிள்ளை உக்காந்திருந்த குதிரை மிரண்டு ஓடிருச்சு. பொண்ணு வீட்டைத் தாண்டி, ஊரைத் தாண்டி, அடுத்த ஊர்ப் பஞ்சாயத்துக் கிணத்தடியில போய் நின்னுதாம். மாப்பிள்ளை எறங்கவே மாட்டேன்னு ரொம்ப நேரம் புடிச்ச புடியா உக்காந்திருந்தாராம்.

ஒடிஞ்ச எடத்தைப் பாத்தேன். உள்ளே ஒரு சாதா இரும்பு ஆணி. சுத்தி அரக்கையும் மரத்தூளையும் கொழச்சு அப்பி, மேல மெழுகு தேச்சு வெச்சிருக்கான் யாரோ புண்ணியவான். லாலாஜி அவருக்கு வேற துப்பாக்கி எடுத்து வெச்சார், பெரிய டம்ளர்ல லஸ்ஸி வரவழைச்சார். சௌத்ரி லஸ்ஸியைக் குடிச்சு, மீசையைத் தொடச்சுக்கிட்டு, என்னை ஒரு தடவை மேலேருந்து கீழே வரைக்கும் பாத்தார். அப்புறம் லாலாஜிகிட்ட சொன்னார்: "அந்தக் குதிரை நான் துப்பாக்கியை வெளியே எடுத்ததுமே உடம்பை உதறிச்சு லாலாஜி. இந்த பாபுவுக்கு பதிலா அதைக் கடையில உக்கார வைங்க."

பாலிஷ்

அதுக்கப்புறம் பளபளப்பைக் கண்டாலே எனக்குப் பயம். மூக்கைத்தான் நம்பறது. பழைய அக்ரோட் மரம், அதான் வால்நட், நல்லா எண்ணெய் குடிச்சது, பழைய பீரோவைத் தொறந்த மாதிரி வாசனை அடிக்கும். ஒருத்தர் டை கட்டிக்கிட்டு, கோட்டுப் பையில கைக்குட்டை சொருகிக்கிட்டு, ஒரு துப்பாக்கி கொண்டுவந்தார். மூக்குக்கிட்ட கொண்டுபோனா நம்ம புள்ளைங்க ஷூவைத் தேச்சுப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குக் கெளம்புற வாசனை. வெள்ளைத் துணியால கழுத்தைத் தேச்சேன், துணி செவப்பாச்சு. இன்னும் தேச்சேன், நகம் நொழையற மாதிரி ஒரு விரிசல் எட்டிப் பாத்துச்சு. துணியை அவர் முன்னாடி விரிச்சு வெச்சேன். அவர் கொஞ்சம்கூட அசரல. "செருப்புத் தோலுக்கு பாலிஷ் போடறோம், அதை யாரும் மோசடிங்கிறதில்ல. மரம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு பாபுஜி?"ன்னு கேட்டார்.

யானை

நல்ல பரீட்சை ஒண்ணு உண்டு, செலவில்லாதது. கழுத்துல கொஞ்சம் பெட்ரோலைத் தடவிட்டு வேடிக்கை பாக்கணும். மேல இருக்கிறது நொடியில காஞ்சிடும். விரிசலுக்குள்ள போனது காய நேரமாகும். சுத்தியும் காஞ்ச மரம், நடுவுல கறுப்பா தலைமுடி மாதிரி ஒரு கோடு நிக்கும். கோடு நின்னா ஒட்டு இருக்குன்னு அர்த்தம். கோடு ஒரே சீரா மெலிசா இருந்தா நல்ல ஒட்டு. நடுவுல தடிச்சா, வெளியே மெதுவா கசிஞ்சா, வணக்கம் சொல்லிட்டுக் கெளம்பிடலாம்.

ஷிகாரை, அதான் வேட்டையை, சர்க்கார் நிறுத்தினதுக்கப்புறம் பெரிய வீடுகள்லேருந்து நெறைய துப்பாக்கி வெளியே வந்துச்சு. சிவில் லைன்ஸ்ல ஒரு பழைய ஜமீன் அம்மா கூப்பிட்டனுப்பினாங்க. குளிர்கால வெயில், புல்தரையில நாற்காலி போட்டு ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருந்தாங்க. காலமான வீட்டுக்காரரோட துப்பாக்கி, வெல்வெட் போட்ட பெட்டியில. "எங்க வீட்டுல ஒடைஞ்ச சாமானை வெச்சுக்கிற பழக்கம் இல்ல"ன்னு முதல்லயே சொல்லிட்டாங்க. நான் டிரைவர்கிட்ட கார்லேருந்து ரெண்டு சொட்டு பெட்ரோல் வாங்கி, பயந்து பயந்துதான் தடவினேன். மரம் காஞ்சுது. கோடு நின்னுது.

அந்தம்மா பின்னலை வெச்சுட்டுக் கண்ணாடியை மாட்டிக்கிட்டாங்க. கோட்டை ரொம்ப நேரம் பாத்தாங்க. கோவிச்சுப்பாங்கன்னு நெனச்சேன். தோள் குலுங்குது, பாத்தா சிரிக்கிறாங்க. "நேபாள எல்லையில ஒரு தடவை புலி வேட்டைக்குப் போய்ட்டு நொண்டிக்கிட்டு வந்தார். யானை மேலேருந்து விழல, நானாத்தான் எறங்கினேன்னு நாப்பது வருஷம் சாதிச்சார். ஒரு சொட்டு பெட்ரோல்ல மாட்டிக்கிட்டாரே மனுஷன்."

தோல் சுத்தினது

இப்ப ஆரோக்கியசாமி கதைக்கு வரேன். இதுவரைக்கும் சொன்னதெல்லாம் அதுக்கு முன்னாடி நான் கட்டின ஃபீஸ்.

ஒரு புதன்கிழமை மத்தியானம். கடை வாசல்ல ஒருத்தர் செருப்பைக் கழட்டி ஓரமா ஜோடி சேத்து வெச்சார். துப்பாக்கிக் கடையில யாரும் செருப்பைக் கழட்டினது கிடையாது. உள்ளே வந்து விறைப்பா நின்னு, "ஹவில்தார் ஆரோக்கியசாமி, ரிட்டயர்டு. ஊரு திண்டுக்கல் பக்கம்"னார். நான் தமிழ்ல "உக்காருங்கண்ணே"ன்னதும் விறைப்பு போய் மனுஷர் ஆயிட்டார்.

விஷயம் இதுதான். ஒரு பேங்க்ல காவலாள் வேலை கெடைச்சிருக்கு. சொந்தமா ரெட்டைக் குழல் துப்பாக்கி வெச்சிருக்கிற பட்டாளத்துக்காரருக்குத்தான் அந்த வேலை. வர்ற திங்கக்கிழமை துப்பாக்கியோட போய் நிக்கணும், இல்லன்னா அடுத்த ஆளு. லைசென்ஸ் கையில இருக்கு, அதுல துப்பாக்கி வாங்க குடுத்த கெடு சனிக்கிழமையோட முடியுது. புதுத் துப்பாக்கிக்குப் பேர் குடுத்துட்டு மாசக்கணக்கா காத்திருந்து பாத்துட்டார், வரல. முனிர்காவில ஒத்தை ரூம். வீட்டுக்காரம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸ். ரெண்டு பொண்ணுங்க மோதி பாக் தமிழ் ஸ்கூல்ல படிக்குது. இந்த வேலை இல்லன்னா அவர் மட்டும் ஊருக்குப் போய் அண்ணன் கடையில உக்காரணும். பட்டாளத்துல இருந்த காலம் பூரா பிரிஞ்சே இருந்தாச்சு, ரிட்டயராகித்தான் ஒண்ணா இருக்காங்களாம். "பதினேழு வருஷம் சர்க்கார் துப்பாக்கியைத் தூக்கினேன் தம்பி. இப்ப சொந்தமா ஒண்ணு வெச்சிருக்கியாங்கிறாங்க. தோசை சுடுறவன்கிட்ட சொந்தமா ஓட்டல் வெச்சிருக்கியான்னு கேட்ட மாதிரி இருக்கு."

அவர் சக்திக்கு எங்க கடையில இருந்த ரெட்டைக் குழல் ஒண்ணே ஒண்ணு. இங்கிலீஷ்காரன் செஞ்சது. குழாய் ரெண்டும் உள்ளே நிலாக் காய்ஞ்ச மாதிரி இருக்கும். ஆனா கழுத்தைச் சுத்தி தோல் வெச்சுத் தச்சிருந்துச்சு. மூணு வருஷமா பின் வரிசையில தொங்குது. கழுத்துல தோலைப் பாத்ததும் எல்லாரும் அப்படியே மாட்டிட்டுப் போயிடுவாங்க. நானும் வர்றவங்ககிட்ட "அது வேணாம் சார்"னு சொல்லியே பழகிட்டேன். ஒடியாமலா தோல் தைப்பான்?

ஆரோக்கியசாமி அதை எடுத்துத் தோள்ல சாத்தினார். கன்னம் கட்டைமேல படிஞ்ச விதம் இருக்கே, தச்ச சட்டை மாதிரி. கீழே எறக்க மனசே வரல அவருக்கு. நான் எனக்குத் தெரிஞ்ச பரீட்சையெல்லாம் வெச்சேன். மோந்தேன், தோல் வாசனை. விரலால தட்டினேன். முழு மரம்னா டொக்குன்னு கேக்கும், விரிசல் விட்ட மரம்னா தப்புன்னு கேக்கும். தோல் மேல தட்டினா எல்லாமே தப்புதான். பெட்ரோல் தடவ எடமே இல்ல. முறுக்கிப் பாத்தேன், அசையல. ஆனா ஈரத் தோலைத் தச்சுக் காய வெச்சா எதுதான் அசையும்? ஒரே ஒரு நல்ல சேதி, திருகாணித் தலை ஒண்ணுகூட செதையல. பழுது பாத்தவன் எவனோ, சரியான ஸ்க்ரூடிரைவர் வெச்சிருந்திருக்கான்.

லாலாஜிகிட்ட போய், தோலைப் பிரிச்சுப் பாத்துடலாமான்னு கேட்டேன். அவர் கல்லாப் பெட்டியிலேருந்து தலையைக்கூடத் தூக்கல. "கட்டியிருக்கிற வரைக்கும் அது துப்பாக்கி. பிரிச்சா விறகு. நான் விறகுக் கடை வைக்கல, மதராசி பாபு."

வியாழக்கிழமை பூரா அந்தக் கழுத்து என் கண்ணு முன்னாடியே நின்னுது. "எடுத்துக்கங்கண்ணே"ன்னு சொன்னா, நாளைக்கு பேங்க் வாசல்ல கூட்டத்துக்கு நடுவுல அது பிரியலாம். "வேணாம்"னா ஒரு குடும்பம் ரெண்டாப் போகும். நல்லா நெனச்சுப் பாருங்க, செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர்ல இந்தத் தொல்லை கிடையாது. தள்ளிக்கிட்டாவது வீட்டுக்கு வந்துடலாம்.

பிளாஸ்டர்

வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஆரோக்கியசாமி திரும்ப வந்தார், கூடவே வீட்டுக்காரம்மா. பிலோமினா சிஸ்டர். டியூட்டி முடிச்சு அப்படியே வந்திருக்காங்க. வெள்ளை யூனிஃபார்ம், மேல நீல ஸ்வெட்டர், தோள்ல டிபன் பை. ஹவில்தாரைவிட ஒரு சாண் குள்ளம், ஆனா கடைக்குள்ள வந்ததும் அவர் தானா ஒரு அடி பின்னாடி நின்னுக்கிட்டார்.

"அண்ணே, ரெண்டு நாளா இவரு வாயைத் தொறந்தா அந்தத் துப்பாக்கிதான். என்னையப் பொண்ணு பாத்துட்டுப் போனப்ப ஊருக்குப் போற வரைக்கும் முறுக்கு நல்லாயிருந்துச்சுன்னு மட்டும்தான் பேசுனாராம். அப்படி என்ன அழகி, காட்டுங்க"ன்னாங்க.

எடுத்துக் குடுத்தேன். அவங்க துப்பாக்கியைப் புடிச்ச மாதிரி இதுவரைக்கும் யாரும் புடிச்சு நான் பாக்கல. ஒடிஞ்ச கையை, முழங்கையில ஒரு கை, மணிக்கட்டுல ஒரு கை வெச்சுத் தாங்குற மாதிரி வாங்கினாங்க.

"ஒடஞ்சதா?"

"ஒடஞ்சிருக்கும் சிஸ்டர்."

"எப்ப?"

"தெரியாது."

"யாரு கட்டுனது?"

"அதுவும் தெரியாது."

"நான் எலும்பு வார்டுலதான் எட்டு வருஷமா இருக்கேன். பிளாஸ்டரைப் பிரிச்சுப் பாக்காம எப்படிண்ணே டிஸ்சார்ஜ் பண்றது?"

லாலாஜி என்னன்னு கேட்டார். இந்தியில சொன்னேன். அவர் மறுபடியும் விறகுக் கடைப் பேச்சை எடுத்தார். சொல்லிக்கிட்டே எழுந்து ரெண்டு அடி நடந்தார். சிஸ்டர் அவர் பேச்சைக் கவனிக்கல, காலைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் அவங்க வார்டு இந்தியில கேட்டாங்க: "வலது முட்டி எத்தனை மாசமா இப்படி இருக்கு? படி எறங்கும்போது வலிக்குதா, ஏறும்போதா?"

லாலாஜி நின்னுட்டார். "எறங்கும்போது"ன்னார், ஸ்கூல் பையன் மாதிரி. சிஸ்டர் அவரை உக்கார வெச்சு, முட்டியை மடக்கி நீட்டிப் பாத்து, எந்தப் பக்கம் ஒத்தடம் குடுக்கணும், எப்ப எந்த டாக்டர்கிட்ட வரணும்னு சொன்னாங்க. முட்டியில அவர் கட்டியிருந்த பழைய துணிக்கட்டைப் பிரிச்சுத் தூரப் போட்டாங்க. "இதை இறுக்கிக் கட்டி வெச்சா உள்ளே என்ன நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது லாலாஜி"ன்னாங்க. லாலாஜி தன் முட்டியைப் பாத்தார். துப்பாக்கியைப் பாத்தார். கடைசியில என்னைப் பாத்து முணுமுணுத்தார், "சரி, பிரி. விறகா இருந்தா நீதான் திரும்பத் தைக்கணும்."

சிஸ்டர் டிபன் பைக்குள்ளேருந்து மழுங்கின மூக்கு வெச்ச கட்டுப் பிரிக்கிற கத்திரியை எடுத்தாங்க. ஒவ்வொரு தையலா வெட்டினாங்க. தோல் அப்பளம் மாதிரி காஞ்சு போயிருந்துச்சு, உரிச்சு எடுக்க எடுக்க ஹவில்தார் வேற பக்கம் திரும்பிக்கிட்டார். போர்ல நின்ன மனுஷன், சாமி படத்தைப் பாத்துக்கிட்டு நின்னார். லாலாஜி கடை லட்சுமி படம்தான், அவசரத்துக்கு எந்த சாமியா இருந்தா என்ன.

தோல் வந்துருச்சு. மரத்துல சாய்வா மூணு விரக்கடை நீளத்துக்கு ஒரு கோடு. ஒடிஞ்சதுதான். கோட்டுக்குக் குறுக்க ரெண்டு பித்தளை ஊசி, தலையை மரத்தோட சமமா ராவி விட்டிருக்கு. பெட்ரோலைத் தடவினேன். கோடு நின்னுது, ஒரு முனையிலேருந்து மறுமுனை வரைக்கும் ஒரே சீரா, ஊசியால கிழிச்ச மாதிரி. கசியல. பூதக்கண்ணாடி வெச்சேன். கை வழுக்காம இருக்க கழுத்துல கட்டம் கட்டமா கீறியிருப்பாங்க இல்லையா, அந்தக் கட்டத்தை ஒட்டின கோட்டுக்கு மேலயும் திரும்பக் கீறியிருக்கான். கட்டைவிரல் படுற எடத்துல அந்தக் கீறலும், பித்தளைத் தலையும் தேஞ்சு வழவழன்னு இருக்கு. அப்படின்னா ஒட்டினதுக்கப்புறம் வருஷக்கணக்கா வெறும் கையில புடிச்சுச் சுட்டிருக்காங்க, அது அசையல. தோல் ரொம்பப் பின்னாடி வந்தது. யாரோ ஒருத்தருக்குப் பித்தளைப் புள்ளி ரெண்டு அசிங்கமாத் தெரிஞ்சிருக்கு, அதை மறைக்கத் தோல் தச்சிருக்கார். இத்தனை வருஷத்துல மோசமான வேலையை மறைச்சவங்களைத்தான் பாத்திருக்கேன். நல்ல வேலையை மறைச்ச ஆளை அன்னிக்குத்தான் கண்டேன். அவர் தச்ச தோலை நம்பி மூணு வருஷம் வாடிக்கைக்காரங்களை வெரட்டின ஆளையும் அன்னிக்குத்தான் கண்ணாடியில பாத்தேன்.

சிஸ்டர் என் பூதக்கண்ணாடியை வாங்கிக்கல. கண்ணை மூடிக்கிட்டு கட்டைவிரலைக் கோட்டு மேல மெதுவா ஓட்டினாங்க, போய் வந்து, போய் வந்து. மேடு பள்ளம் எங்கயும் தட்டல போல. துப்பாக்கியை வீட்டுக்காரர் கையில குடுத்துட்டு என்கிட்ட சொன்னாங்க: "நல்லா கூடியிருக்குண்ணே. நடக்க விடலாம்."

டயர்

நடக்க விடுறதுன்னா எங்க பாஷையில சுட்டுப் பாக்குறது. சனிக்கிழமை காலையில நஜஃப்கர் பக்கம் லாலாஜியோட வயலுக்குப் போனோம். லாலாஜி, நான், ஹவில்தார், சிஸ்டர். அன்னிக்கு அவங்களுக்கு மத்தியான டியூட்டி. பழைய டிராக்டர் டயர்ல துப்பாக்கியைக் கட்டி, விசையில சணல் கட்டி, தள்ளி நின்னு இழுக்கணும். சந்தேகமான துப்பாக்கிக்கு இதுதான் மரியாதை. அத்தனை பேரும் டிரெய்லர் பின்னாடி பதுங்கினோம். இழுத்தேன். டயர் ஒரு துள்ளு துள்ளுச்சு. கோதுமை வயல்லேருந்து கிளிக் கூட்டம் எழுந்து போச்சு. ஓடிப்போய் பெட்ரோல் தடவினேன். கோடு அதே கோடு. அடுத்த குழல், அதே கோடு. எனக்கு மனசு ஆறல, குதிரை ஞாபகம். மறுபடியும் ரெண்டு.

அஞ்சாவது தோட்டாவை எடுத்தப்ப ஹவில்தார் என் கையைப் புடிச்சுக்கிட்டார். "தம்பி, திங்கக்கிழமை பேங்க் வாசல்ல நிக்கப்போறது டயர் இல்ல, நானு." சிஸ்டர் முகத்தைப் பாத்தேன். அவங்க முதல் நாள் பாத்த நோயாளியை மறுநாள் பாக்குற மாதிரி துப்பாக்கியைப் பாத்துட்டு, சரின்னு தலையை ஆட்டினாங்க. டயர்லேருந்து அவிழ்த்துக் குடுத்தேன். மனுஷர் காலை அகட்டி நின்னார். வரப்பு மேல வெச்சிருந்த மண்பானையைப் பாத்து ஒண்ணு, பக்கத்துல இருந்த அதோட மூடியைப் பாத்து ஒண்ணு. ரெண்டும் இல்ல. லாலாஜி முட்டியை மறந்து எம்பிக் குதிச்சார். அப்புறம் "அய்யோ"ன்னு முட்டியைப் புடிச்சுக்கிட்டார்.

கடைக்கு வந்து ரிஜிஸ்டர்லயும் லைசென்ஸ்லயும் நம்பரை எழுதினேன். என் வாழ்க்கையிலயே அழகா எழுதினது அந்த ஒரு வரிதான். தோலை என்ன பண்றதுன்னு கேட்டேன். சிஸ்டர் அள்ளிக் குப்பைக்கூடையில போட்டுட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடினாங்க.

செவ்வாய்க்கிழமை ஹவில்தார் காக்கி யூனிஃபார்மோட, ஒரு டப்பா லட்டோட வந்தார். வேலை உறுதி. ஒரே ஒரு எடத்துலதான் கண்டம் இருந்துச்சாம். பேங்க் மேனேஜர் துப்பாக்கியைக் கையில வாங்கி, பித்தளைப் புள்ளியைத் தடவிப் பாத்து, "என்னப்பா, இது ஒடைஞ்சு ஒட்டினதா?"ன்னு கேட்டிருக்கார். பக்கத்துல இன்னும் ரெண்டு காவலாளுங்க, பளபளன்னு துப்பாக்கியோட நிக்கிறாங்க. நம்மாளு விறைப்பா நின்னு பதில் சொல்லியிருக்கார்: "ஆமாங்க சார். என்னுது எங்க ஒடஞ்சதுன்னு எனக்குத் தெரியும். அவங்களுது எங்க ஒடியும்னு அவங்களுக்கே தெரியாது."

இத்தனை வருஷத்துல நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்: ஒட்டு இருக்குன்னு சொல்றவர்கூட உக்காந்து டீ குடிக்கலாம், ஒட்டே இல்லன்னு சொல்றவர் வந்தா டீயை அப்படியே வெச்சுட்டு எழுந்துக்கணும்.

கடை முன்னாலேருந்து லாலாஜி கூப்பிடுறார், யாரோ ரெட்டைக் குழல் கொண்டுவந்திருக்காங்களாம், ஒரு கீறல்கூடக் கிடையாதாம். வரேங்க.